இரண்டு தட்டிலும் ஒரே கஞ்சி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. பேனாவை எடுப்பேன், தாளின் தலையில் 'முருகன் துணை' என்று போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரிகூட ஓடாது. மடித்து வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்ற கூச்சம் ஒரு காரணம். அது சின்னக் காரணம். என் நோய்க் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் என் மனைவி சரோஜாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், என்னைப் புண்ணியவான் என்றார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் சாமியைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரிய காரணம். போன மாதம் சரோஜாவே சொன்னாள்:

"சாமி மேல ஒண்ணும் எழுதாதீங்க. உங்க பயத்தை எழுதுங்க. அதுல யாருக்கு என்ன கோபம் வரப்போவுது?"

அதனால் எழுதுகிறேன்.

மைசூரில் தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் கற்பூரம், ஊதுவத்தி, குங்குமம் விற்கிற சின்னக் கடை என்னுடையது. அப்பா ரயில்வே வேலைக்காகத் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். வீட்டில் நான், சரோஜா, காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள் வசந்தி, மூன்றே பேர். பக்கத்து வீட்டு ஜெயம்மா நாலாவது ஆள் மாதிரி. கன்னடக்காரி, எங்களோடு பேசிப் பேசி ஒரு தமிழ் கற்றுக்கொண்டவள். சரோஜாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது, அரிசியைக் குறைத்து ராகி சாப்பிடச் சொன்னார்கள். ராகி முத்தே, அதாவது நம் களி உருண்டை, கிண்டக் கற்றுக்கொடுத்தவள் ஜெயம்மாதான். அதில்தான் சரோஜாவின் சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் நின்றது. இதை வாசிப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ராகி இறங்காது. மூன்று வேளையும் வெள்ளை அரிசிதான். கடையில் தனி ஆள் என்பதால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். குடித்தால் கடையை விட்டு எழுந்து போக வேண்டுமே. மலச்சிக்கல் பல வருஷமாகக் கூடவே இருந்தது. அதை ஒரு நோயாகவே நான் நினைக்கவில்லை.

அந்த மார்கழியில் வழக்கம்போல ஊரெல்லாம் அவரேக்காய் வாசனை. பச்சை மொச்சையைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். குளிர்காலத்தில் அது இல்லாமல் மைசூரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. நான் குழம்பிலும் உப்புமாவிலுமாக இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் இடது பக்கம் அடிவயிற்றில் யாரோ விரலால் குத்தித் திருகுகிற மாதிரி வலி.

"அவரேக்காய் வாயுங்க, ஓம வாட்டர் குடிச்சா போயிடும்," என்றாள் சரோஜா. ஜெயம்மா பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவச் சொன்னாள். எல்லாம் செய்தோம். மறுநாள் குளிர்ஜுரம் வந்து பல் கிடுகிடுத்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நீள பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மதராஸில் படித்தவர், கன்னட வாடையோடு நல்ல தமிழ் பேசினார். வயிற்றை அமுக்கிக் கையைச் சட்டென்று எடுத்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஓட்டுவேன் சார்."

"பழைய ட்யூப்ல காத்தடிச்சா, தேஞ்ச இடத்துல சின்னச் சின்னதா புடைச்சிக்கும் அல்வா, இல்லையா? பெருங்குடல்லயும் அதே மாதிரி ஆகும். வருஷக்கணக்கா முக்கி முக்கிப் போனா உள்ளே அழுத்தம் ஏறி, குடல் சுவர்ல சின்னச் சின்னப் பை உண்டாகும். டைவர்ட்டிகுலர் நோய்னு பேரு. பை இருக்கறதே நிறைய பேருக்குத் தெரியாது. உங்களுக்கு அதுல ஒண்ணு சீழ் பிடிச்சிருக்கு."

"அவரேக்காயால வந்ததா சார்?"

"அவரேக்காய் பாவம், விடுங்க. இது இருபது வருஷத்து வேலை."

குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று வாய்க்கு ஒன்றும் தரவில்லை. கையில் சலைன், அதன் வழியாகவே மருந்து. ஜுரம் இறங்கவில்லை. இரண்டு நாள் பார்ப்போம், இறங்காவிட்டால் அந்தப் பகுதிக் குடலை வெட்டி எடுக்க வேண்டும், கொஞ்ச காலத்துக்கு வயிற்றில் வழி வைத்து ஒரு பை கட்ட வேண்டியிருக்கலாம் என்று சரோஜாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தனியே சொன்னாலும் திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பூஜைப் பொருள் விற்கிறவன், வயிற்றில் மலப் பையைக் கட்டிக்கொண்டு கற்பூரத்தை எப்படித் தொடுவேன்? உயிரைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அந்தப் பையோடு நல்லபடி வாழ்கிறவர்களைப் பிற்பாடு பார்த்தேன்.

மறுநாள் காலை சரோஜா கட்டிலருகே இல்லை. வசந்திதான் என் உதட்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் சரோஜா நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். முதல் பஸ்ஸில் நஞ்சன்கூடு போய் வந்திருக்கிறாள். நோய் தீர்க்கிற சாமி அங்கே இருக்கிறார், நஞ்சையே உண்டவர். கையில் வளையல் இல்லை. அதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பில்லை வசந்தி கட்டிவிட்டு வந்தபோதும், பணம் ஏதென்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜுரம் இறங்கத் தொடங்கியது. மருந்தும் வேலை செய்தது, சாமியும் கேட்டார். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் படிப்பு போதாது.

முதலில் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர். அதன் முதல் மடக்கை விழுங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு குழைந்த கஞ்சி, தோல் சீவி வேகவைத்த உருளைக்கிழங்கு, பிரெட், மோர் சாதம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "கீரை, தோல், ராகி, முழுப் பயறு எதுவும் இப்போதைக்கு வேணாம். புண் ஆறணும். ஒண்ணரை மாசம் கழிச்சு வாங்க, ஒரு டெஸ்ட் பண்ணிட்டு மாத்திச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்த அன்று சரோஜா இரண்டு தட்டு வைத்தாள். இரண்டிலும் ஒரே கஞ்சி.

"உனக்கு எதுக்கு இது?"

"வேண்டிக்கிட்டேன்ங்க. நீங்க பழையபடி சாப்பிடற வரைக்கும் நீங்க என்ன சாப்பிடறீங்களோ அதேதான் நானும்."

வசந்தி கையில் பாத்திரத்தோடு நின்றுவிட்டாள். "அம்மா, நினக்கு ஷுகர் இதே அல்வா, இருக்கில்ல? கஞ்சி ஆகாதும்மா."

"போடி, கஞ்சியில நான் என்ன சக்கரையா போடறேன்? மாத்திரை முழுங்கறேனில்ல?"

நான் அழுதுவிட்டேன். எனக்காக ஒருத்தி வாயைக் கட்டுகிறாள் என்ற நெகிழ்ச்சி. அந்த நெகிழ்ச்சியில், மகள் கேட்ட கேள்வியை நானும் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும் என்பது மறந்தே போயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து வசந்தியோடு போனேன். பேரியம் என்ற வெள்ளை மருந்தைப் பின்வழியாகக் குடலுக்குள் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலியைவிட வெட்கம் அதிகம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். குடலின் ஓரத்தில் சின்னத் திராட்சைகள் தொங்குகிற மாதிரி பைகள்.

"புண் ஆறிடுச்சு. பை அப்படியேதான் இருக்கும், போகாது. இனிமே சாப்பாட்டை மாத்தணும். நார் வேணும். ராகி, கீரை, பருப்பு, பழம், ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமா. தண்ணி நிறைய. கஞ்சியிலேயே இருந்தா மறுபடி மலம் இறுகும், மறுபடி அழுத்தம், மறுபடி இங்கேதான் வருவீங்க. தெளியித்தா?"

"தெரிஞ்சுது சார்," என்றேன்.

தெரியத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் கை நீளவில்லை. கீரை மசியலைப் பார்த்தால் திரைக்குப் பின்னால் கேட்ட பேச்சு காதில் விழும். "என்னைக் காப்பாத்தினது கஞ்சிதான். அதை ஏன் விடணும்? மெதுவா பார்ப்போம்," என்றேன்.

"அப்பா, அவரு என்ன ஹேளினார்? நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்!" வசந்தி கத்தினாள். "கஞ்சி அப்போ. இப்போ ராகி. நீங்க மொதல் பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு தொங்கறீங்க."

"வயித்து வலி உனக்கா வந்துச்சு?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பாவின் வலியோடு யார் வாதம் பண்ண முடியும்? அந்த வலியை நான் வாயடைக்கும் பூட்டாக வைத்துக்கொண்டேன். ஆனியிலும் கஞ்சி. மோர் சாதம், பிரெட், கஞ்சி. மலச்சிக்கல் திரும்பி வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எதிர்த் தட்டில் சரோஜாவும் அதையே சாப்பிட்டாள். அடிக்கடி தண்ணீர் குடித்தாள், இளைத்தாள். "விரத உடம்பு, இளைக்கத்தான் செய்யும்," என்று நானே சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதக் கை கூசுகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் சரோஜாவின் வேண்டுதலை ஒரு பெருமையாகச் சொல்லி வந்தேன். கற்பூரம் கட்டிக் கொடுத்துக்கொண்டே சொல்வேன். கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு இனிக்கும்.

ஆஷாட வெள்ளிக்கிழமை வந்தது. மலைமேல் சாமுண்டியம்மனைப் பார்க்க ஊரே கிளம்பும் நாள். கடையில் கூட்டம் என்பதால் சரோஜா உதவிக்கு வந்து குங்குமப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பஜனைக் குழுவின் பெரியவர் ஒருவர் தன் மருமகளோடு வந்தார்.

"இவங்கதாம்மா நான் சொன்னேனே, வீட்டுக்காரருக்காகக் கஞ்சி குடிக்கற மகராசி. நல்லா பார்த்துக்க," என்றார்.

நான் சிரித்தேன். சரோஜாவும் சிரிக்கப் பார்த்தாள். "ஏங்க, கண்ணு இருட்டுது," என்றாள். பொட்டலத்தைக் கீழே வைக்கக் கை நீண்டது, வைக்கவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டாள். குங்குமம் புடவையெல்லாம் கொட்டியது. அம்மன் வந்துவிட்டாள் என்று யாரோ கைகூப்பினார்கள். சாமி வந்தவள் இப்படிக் குழைந்து விழமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தை விலக்கி அவளைத் தூக்கினேன். தூக்க முடிகிற கனம்தான் இருந்தாள்.

அதே ஆஸ்பத்திரி. அதே நீள பெஞ்ச். இந்தத் தடவை நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அது மட்டும்தான் வித்தியாசம். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்கூடாத உயரத்துக்கு ஏறியிருந்தது. காலைத் துடைத்த நர்ஸ் கூப்பிட்டுக் காட்டினாள். பாதத்தில் ஒரு தீப்புண், மேலே மஞ்சள் அப்பியிருந்தது. கஞ்சி பொங்கி வழிந்தபோது பட்டதாம். வாரக்கணக்கில் ஆறாமல் இருந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை.

டாக்டர் என் கேஸைக் கவனித்தவர்தான். என்னை அடையாளம் தெரிந்தது.

"இவங்க என்ன சாப்பிடறாங்க?"

"கஞ்சி சார். நீங்க எனக்குச் சொன்ன கஞ்சி."

"நான் உங்களுக்குச் சொன்னேன், அதுவும் ஒண்ணரை மாசத்துக்கு. இவங்களுக்கு யாரு சொன்னது?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "சர்க்கரை நோய்க்காரிக்கு மூணு வேளையும் குழைஞ்ச அரிசி. நீங்க இன்னும் கஞ்சிதானா?"

வசந்தி சுவரைப் பார்த்து நின்றாள்.

இரண்டு நாளில் சரோஜா தெளிந்தாள். இனி ராகி, கீரை, பருப்பு என்று அவளுக்கும் சாப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். ஜெயம்மா சின்னதாக ராகி முத்தே கிண்டி, கீரைச் சாறோடு தூக்கில் கொண்டுவந்தாள். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரோஜம்மா, தின்னு தாயி."

"சாமிகிட்ட சொல்லியிருக்கேன் ஜெயம்மா. அவர் சாப்பிட்டா நான் சாப்பிடறேன்."

"அய்யோ, நின்ன சாமி நின்னை சாயி அந்தாரா? செத்துப்போன்னு அவர் கேட்டாரா?"

சரோஜாவின் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. ஜெயம்மா என்னைப் பார்த்தாள், வசந்தி என்னைப் பார்த்தாள். அந்தக் கட்டிலில் கிடந்தவளின் சாப்பாடு என் வாய்க்குள் அடைபட்டுக் கிடந்தது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வாயைக் கட்டியது வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். அதற்கு முடிவு வைத்துத்தான் அவள் வேண்டியிருந்தாள். அந்த முடிவைத் தள்ளித் தள்ளிப் போட்டது நான்.

"தூக்கை இங்க கொண்டா," என்றேன்.

நெல்லிக்காய் அளவு பிய்த்தேன். 'நஞ்சுண்டா, நீ அதையே விழுங்கினவன், நான் இதை விழுங்க மாட்டேனா' என்று மனசுக்குள் சொல்லி, சாறில் தோய்த்து வாயில் போட்டு மென்றேன்.

"ஐயோ ஐயோ, முத்தேயை மெல்றாரே!" ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மெல்லக்கூடாது சுவாமி, நுங்கணும்! அப்படியே முழுங்கணும்! மைசூர்ல பொறந்து என்ன பிரயோஜனா?"

"டாக்டர் நல்லா மென்னு சாப்பிடச் சொன்னாரு," என்றேன் வாய் நிறைய.

பல நாளைக்குப் பிறகு சரோஜா சிரித்தாள். சிரித்தபடியே வாயைத் திறந்தாள். வசந்தி ஊட்டினாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். இது எனக்கு என் டாக்டர் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான். ஒரேயடியாகத் தாவவில்லை. முதலில் நெல்லிக்காய் அளவு ராகி, சில நாளில் எலுமிச்சை அளவு. கீரை ஒரு கரண்டியில் தொடங்கியது. முதலில் பருப்பு மட்டும், அப்புறம் பயறு. ஆரம்பத்தில் வயிறு உப்பிப் பொருமியது, பயந்து ஓடினேன். புது நாருக்குக் குடல் பழகுகிறது, அளவைக் கொஞ்சம் குறைத்துத் தொடருங்கள் என்றார் டாக்டர். அடங்கிவிட்டது. கடையில் தண்ணீர் பாட்டில் வைத்தேன். எழுந்து போக வேண்டியபோது பக்கத்துப் பூக்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சந்தோஷமாகவே பார்த்துக்கொண்டார். இவ்வளவு வருஷமாக ஏன் கேட்கவில்லை என்றார். ஜுரமோ கடும் வலியோ வந்தால் மட்டும் மறுபடி கஞ்சி, உடனே டாக்டர். அதற்கு ஒரு காலம், இதற்கு ஒரு காலம்.

அடுத்த மார்கழி வந்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவரேக்காய் வாங்கினேன். எங்கள் ஊரில் பிதுக்குப் பருப்பு என்று ஒன்று உண்டு. மொச்சையை ஊறவைத்து, விரலால் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எறிந்துவிட்டுச் செய்வது. நாங்கள் மூன்று பேரும் ஜெயம்மாவும் வட்டமாக உட்கார்ந்தோம். சரோஜா முதல் மொச்சையை எடுத்துப் பிதுக்கப் போனாள்.

"தோலோட இருக்கட்டும்," என்றேன்.

"பயமில்லையா?"

"இருக்கு. இருந்தா இருக்கட்டும்."

இரண்டு தட்டிலும் ஒரே குழம்பு. நான் ஒரு கைப்பிடி சாப்பிட்டேன், அவள் அதற்கும் குறைவாக. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த திங்கட்கிழமை நஞ்சன்கூடு போய் வேண்டுதலை முடித்தோம். சந்நிதியில் நான் கேட்ட ஒரே வரம் மன்னிப்பு. சாமி கொடுத்திருப்பார். சரோஜா முன்பே கொடுத்துவிட்டாள். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

பாதத்துப் புண் ஆறப் பல மாதம் ஆயிற்று. தழும்பு இருக்கிறது. மாத்திரையோடு நின்றிருந்த அவளுக்கு இப்போது தினமும் காலையில் இன்சுலின் ஊசி. நான்தான் போடுகிறேன். ஊசியைத் தோலருகே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். "குத்துங்க, ஒண்ணும் வலிக்காது," என்பாள் ஒவ்வொரு காலையும்.

இதை வாசிக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். வயிற்று நோயால் பயந்து கிடக்கும் யாரையாவது பார்த்தால் இதைக் கொடுங்கள், வாசித்துக் காட்டுங்கள், நகல் எடுத்து அனுப்புங்கள். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். மனைவி வேண்டிக்கொண்டாள், கஞ்சி குடித்தார், பிழைத்துக்கொண்டார் என்று அந்தப் பாதியோடு நிறுத்தி, நல்ல கதையாக ஆக்கிவிடாதீர்கள். அந்தப் பாதியை நானே கடையில் நின்று ஊருக்கெல்லாம் சொன்னவன். அடுத்த பாதியைக் காலையில் ஊசி போட்டுக்கொண்டு சரோஜா சுமக்கிறாள். அவள் பாதியை விட்டுவிடாதீர்கள்.